கூப்பிட்டால் பதில் சொல்லும் கல்

வறுத்த மல்லி வாசனையின் விலை கிலோவுக்கு நாற்பது காசு. விலை போட்டவர் அலெக்சாண்டர். கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் சேர்க்கும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற அதிகாரி. மசாலாத் தூள் வாங்கும் புது ஒப்பந்தத்தில், சரக்கு கருகி வாசனை போயிருந்தால் கிலோவுக்கு நாற்பது காசு பிடித்துக்கொள்வோம் என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தார். என் மச்சான் ஜமால் முகம்மது அதை இரண்டு தடவை படித்தார்.

"வாசனைக்கு நாப்பது காசுன்னா, மூக்குக்கு எவ்வளவாம்?" என்றார்.

நான் பிறந்து வளர்ந்தது கேம்பல் லேன் கடைகளுக்கு நடுவே. எங்கள் தெருவில் மணி என்னவென்று கேட்டால்கூட ஒன்றரை மணி நேரம் கூட்டிச் சொல்லிவிட்டு, முகத்தைப் பார்த்துத்தான் குறைப்பார்கள். அதனால் நாற்பது காசு எனக்குப் பெரிதாகப் படவில்லை. பேசிக்கொள்ளலாம். என்னை உறுத்தியது அதற்கு அடுத்த வரி. மல்லி வறுபடும்போது உருளைக்குள் சூடு நூற்று முப்பது டிகிரிக்குக் கீழேயும் போகக்கூடாது, நூற்று நாற்பதுக்கு மேலேயும் போகக்கூடாது. ஒவ்வொரு வறுவலுக்கும் அந்தச் சூட்டை அளந்து காட்ட வேண்டும். காட்ட முடியாதவர்கள் வரவே வேண்டாம்.

எண்பத்தேழாம் வருஷம் அது. மச்சானின் மில் அதற்கு முந்தின வருஷம்வரை தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கடைவீட்டில் ஓடியது. அந்த வரிசையையே இடிக்கப்போகிறோம் என்று சொல்லி, ஃபேரர் பார்க்கைத் தாண்டி கல்லாங் பாருவில் அடுக்குமாடித் தொழிற்கூடம் ஒன்றில் இடம் கொடுத்தார்கள். லிஃப்ட் உண்டு, வெளிச்சம் உண்டு, வாடகையும் உண்டு. பழைய வாடகையைப் போல மூன்று மடங்கு. இந்தக் கப்பல் ஒப்பந்தம் கிடைத்தால் மில் நிற்கும். கிடைக்காவிட்டால் உருளையை விற்றுவிட்டு மூடுவது என்று மச்சான் முடிவு செய்திருந்தார். உருளையை வாங்க நினைத்தவர் ஒருவர் வந்து வாசற்கதவின் அகலத்தைக்கூட அளந்துவிட்டுப் போயிருந்தார். அன்று மச்சானின் மனைவி, என் அக்கா ருக்கையா லாத்தா, அவருக்குத் தேநீர் கொடுத்தாள். சீனி மட்டும் போடவில்லை.

சுற்றுகிற உருளைக்குள் சூட்டை அளப்பது எப்படி? நிறுத்தித்தான் அளக்க வேண்டும் என்றால், நிறுத்திய இடத்தில் அடியிலிருக்கிற மல்லி கருகிவிடும். கம்பி இழுத்தால் உருளையோடு சேர்ந்து கம்பியும் முறுக்கிக்கொள்ளும். சுற்றும்போதே தொட்டுக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு பித்தளை வளையம் போட்டுப் பார்த்தார்கள். அதில் பொறி தெறித்தது. மல்லித் தூசி பறக்கிற இடத்தில் பொறி தெறித்தால் என்ன ஆகும் என்பதற்கு மில்லின் ஃபோர்மேன் வடிவேலுவின் புருவமே சாட்சி. ஒன்று முளைத்துவிட்டது, இன்னொன்று முளைத்துக்கொண்டிருந்தது. பேட்டரி போட்ட கருவியை உள்ளே வைத்தால் அந்தச் சூட்டில் பேட்டரி முதலில் வறுபடும்.

அப்போதுதான் எனக்கு ஆனியின் நினைவு வந்தது.

நான் அந்த நாளில் சிம் லிம் டவரில் எலக்ட்ரானிக் சாமான் விற்றுக்கொண்டிருந்தேன். ஆனி கிளமெண்டியில் குடியிருந்தாள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கூடத்து எஞ்சினியர். பேரத்தில் என்னை ஜெயித்த ஒரே வாடிக்கையாளர் அவள்தான். விலை கேட்பாள். நான் சொல்வேன். அதற்குப் பிறகு ஒன்றும் பேசமாட்டாள். சும்மா நிற்பாள். கடையில் எல்லாச் சத்தமும் அடங்கியபிறகு, என் வாயே எனக்குத் துரோகம் செய்து விலையைக் குறைத்துவிடும்.

மச்சானின் கஷ்டத்தை அவளிடம் சொன்னேன். மறுவாரம் தீப்பெட்டி அளவில் ஓர் எஃகுப் பெட்டியோடு மில்லுக்கு வந்தாள். நான்கு திருகாணியைக் கழற்றிப் பீங்கான் மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே விரல் நகம் அளவுக்கு ஒரு கல், கண்ணாடி போலப் பளபளத்தது. அதன்மேல் சீப்புப் பற்கள் மாதிரி மெல்லிய கோடுகள். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி இரண்டு.

அவள் விளக்கியது எனக்குப் புரிந்தவரையில் இதுதான். வெளியே ஒரு பெட்டி ரேடியோ அலையை அனுப்பும். கல்லின் பக்கத்தில் இருக்கிற சின்னச் செம்பு ஏரியல் அதை வாங்கிக் கல்லுக்குக் கொடுக்கும். அந்தச் சீப்புப் பற்கள் ரேடியோ அலையை ஒரு நடுக்கமாக மாற்றும். அந்த நடுக்கம் கல்லின் தோல்மீது ஓடி, அங்கங்கே போட்டிருக்கிற கோடுகளில் மோதித் திரும்பி, மறுபடி ரேடியோ அலையாக வெளியே வரும். பேட்டரியும் இல்லை, கம்பியும் இல்லை.

"அப்ப அதுக்குச் சம்பளம் யாரு குடுக்குறது?" என்றார் மச்சான்.

"நாம கூப்பிடுற சத்தத்துலயே அதுக்குச் சாப்பாடு இருக்கு அங்கிள்," என்றாள் ஆனி. "கூப்பிட்டா பதில் சொல்லும். கூப்பிடாட்டி சும்மா கிடக்கும்லா. கல்லு சூடானா அந்த நடுக்கம் மெதுவா நடக்கும், பதில் லேட்டா வரும். எவ்வளவு லேட்டுன்னு அளந்தா சூடு தெரிஞ்சிடும்."

மச்சான் என்னைக் காட்டி, "எங்க மாப்ளையும் இப்படித்தான். கூப்பிட்டா லேட்டாத்தான் வருவான். இவனை அளந்து என்ன தெரிஞ்சிக்கிறது?" என்றார்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. மில் முழுக்க இரும்பும் தகரமும். நாம் கூப்பிடுகிற அலை அதிலெல்லாம் மோதி எதிரொலிக்குமே, எது கல்லின் குரல், எது தகரத்தின் குரல் என்று எப்படிப் பிரிப்பது? ஆனி சிரித்தாள். தகரம் உடனே பதில் சொல்லிவிடும்; கல்லுக்குள் நடுக்கம் ஆமை மாதிரி நடப்பதால் அதன் பதில் எல்லாம் அடங்கியபிறகுதான் வரும். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். சிம் லிம் டவரில் என்னிடம் அவள் செய்தது என்னவென்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. என்னைத் தகரத்தில் சேர்க்காமல் கல்லில் சேர்த்திருந்தாள் என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

உருளையின் பின்தட்டில் ஓட்டை போட்டு, பெட்டியின் அடிப்பாகம் உள்ளே மல்லியில் படும்படியும் மூடி வெளிப்புறம் தெரியும்படியும் பொருத்தினார்கள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மச்சானின் ஆபீஸ் அறையில் ஆனியின் அலை அனுப்பும் பெட்டியும் ஒரு சின்னத் திரையும். திரையில் பச்சைக் கோட்டில் இரண்டு முகடுகள் துள்ளும். சூடு ஏற ஏற இரண்டும் விலகும். பக்கத்திலிருக்கும் எலக்ட்ரானிக் மூளை அந்த இடைவெளியை டிகிரியாக்கி எண் காட்டும். சில வாரம் ஓட்டிப் பார்த்தோம். ஒரு நாளும் பிசகவில்லை. வடிவேலு தினமும் காலையில் வந்ததும் அறைக்குள் எட்டிப் பார்த்து, "கல்லு என்ன சொல்லுது மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் தீ மூட்டுவார்.

அலெக்சாண்டருக்கு நாள் குறித்தோம். குறித்த நாளுக்கு முந்தின நாள் ஆயுத பூஜை.

முதலாளி முஸ்லிம் என்றாலும் மில்லில் பூஜை வருஷம் தவறாமல் நடக்கும். பொரி, கடலை, பழம், வேலையாட்களுக்கு வேட்டி எல்லாம் மச்சான் செலவு. நைவேத்தியம் முடிகிறவரை அவர் வெளியே நின்று சிகரெட் பிடிப்பார். முடிந்ததும் முதல் பொட்டலம் அவருக்குத்தான். அன்று இயந்திரம் எதுவும் ஓடாது. ஆனியும் வரவில்லை, நானும் போகவில்லை.

மறுநாள் காலை அலெக்சாண்டர் வந்தார். மெலிந்த மனிதர், கஞ்சி போட்ட சட்டை, பையில் சொந்தமாக ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர். ஓபிர் ரோடு மாதா கோயிலில் ஆனிக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவர். அது நமக்குச் சாதகம் என்று நினைத்திருந்தேன். வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டினார் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்பதற்காக, அவர் ஆனியிடம் ஒரு குட் மார்னிங்கைக்கூடக் குறைத்துக்கொண்டார். ஜோகூரில் மின்சார அடுப்பு வைத்த இன்னொரு மில்லும் போட்டியில் இருப்பதாகவும், மூன்று மணிக்கு அங்கே கிளம்ப வேண்டும் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வடிவேலு தீ மூட்டினார். உருளை சுற்றியது. ஆனி திரையைப் போட்டாள்.

கோடு படுத்துக்கிடந்தது.

முதலில் தகரங்கள் துள்ளின, அடங்கின, அதற்குப் பிறகு வர வேண்டிய பதில் வரவில்லை. ஆனி ஏரியலைத் திருப்பினாள், பெட்டியை அணைத்துப் போட்டாள். அவள் கைப்பையில் பழைய மாதிரிக் கல் ஒன்று இருந்தது. அதை மேசைமேல் வைத்துக் கூப்பிட்டாள். அது உடனே முகடு காட்டியது. ஆகவே பெட்டி சரி, திரை சரி. உருளையில் இருக்கிற கல்தான் ஊமையாகிவிட்டது. மேசைக் கல்லை உருளையில் மாட்டவும் முடியாது. அதைச் சாதாரணப் பசையில் ஒட்டியிருந்தார்கள். அந்தச் சூட்டில் பசை உருகிவிடும்.

மச்சான் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. வியாபாரி. ஆனால் கையிலிருந்த பூஜைப் பொரியைச் சாப்பிடாமல் ஒவ்வொன்றாகத் திரும்பப் பொட்டலத்திலேயே போட்டுக்கொண்டிருந்தார்.

"மெஷின் பேசலன்னா நான் என்னங்க எழுதுறது?" என்றார் அலெக்சாண்டர்.

ஆனி தீயை அணைத்து உருளையை நிறுத்தச் சொன்னாள். உருளைக்குப் பக்கத்தில் போய், யாராவது இதைத் தொட்டீர்களா என்று வடிவேலுவைக் கேட்டாள். அவர் இரண்டு கையையும் விரித்தார். மேடம் சாமான், நாங்கள் ஏன் தொடப்போகிறோம், சத்தியமாகத் தொடவில்லை என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனி உதட்டைக் கடித்துக்கொண்டு, கம்பி அறுந்திருக்கும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அறுந்திருந்தால் அன்றைக்கு ஒட்ட வழியில்லை.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. துணியில் கறை இருக்கிறதா என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் இல்லை என்றுதான் சொல்வார். பொய் அல்ல, அவருக்கு அது கறையே இல்லை. அதனால் துணி எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது, வழியில் மழையா என்று கேட்க வேண்டும். நான் வடிவேலுவின் தோளில் கைபோட்டு, நேற்று பூஜை எப்படி நடந்தது அண்ணே, நான் வரமுடியாமல் போய்விட்டதே என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. ஒன்றுவிடாமல் சொன்னார். மோட்டார் மூடியைத் திறந்து துடைத்தது, சுவிட்சுப் பெட்டியைத் திறந்து துடைத்தது, அரைக்கிற கல்லுக்கு மாலை போட்டது, தராசுக்குக்கூடப் பட்டுத்துணி சார்த்தியது.

"எல்லா மூடியையும் திறந்தீங்களா?"

"ஆயுத பூஜைன்னா தொறக்காமயா பாய்? மூடி மேல வச்சா சாமிக்கு எப்படித் தெரியும்?"

"மேடத்தோட பெட்டிய?"

"அதைத்தானே மொதல்ல. இந்த மில்லுல வாயைத் தொறந்து பேசுறது அது ஒண்ணுதான். குழைச்ச சந்தனம், நடுவுல குங்குமம். நல்லாப் பெரிய பொட்டா வச்சோம்."

"தொடலன்னீங்களே."

"தொடல பாய்," என்றார் வடிவேலு, கொஞ்சம் புண்பட்டு. "பொட்டுதான் வச்சோம்."

ஆனி ஏற்கெனவே திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மூடியைத் தூக்கினாள். கல் இருந்த இடத்தில் காய்ந்த சந்தன வட்டமும், அதன் நடுவில் சிவப்பும், பார்க்க லட்சணமாக இருந்தன. அவள் ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். பிறகு பூதக்கண்ணாடி வைத்துக் குனிந்தாள். நிமிர்ந்தபோது கண் பளபளத்தது.

"கம்பி அறுபடல," என்றாள். "நடுக்கம் தோல் மேலதான் ஓடும். மேல சந்தனம் இருந்தா சேத்துல மாட்டுன மாதிரி அங்கேயே நின்னுடும். வேற ஒண்ணும் இல்ல. இதைக் கழுவணும். தண்ணி கூடாது, துணி படக்கூடாது. சுத்தமான ஸ்பிரிட்டு வேணும் பாய். வீடியோ ஹெட் துடைப்பாங்கல்ல, அது."

எதிர் பிளாக்கில் சேதுபதியின் வீடியோ கடை. ஓடினேன். சேதுபதி கறாரானவர். கழுவுகிற திரவம் கடை உறுப்பினர்களுக்குத்தான் விற்பேன் என்றார். உறுப்பினர் ஆனேன். உறுப்பினரானால் முதல் நாளே ஒரு படம் வாடகைக்கு எடுத்தாக வேண்டும் என்றார். எடுத்தேன். இரண்டு எடுத்தால் ஒன்று இனாம் என்றார். என் வாழ்நாளில் பேரம் பேசாமல் நான் செய்த ஒரே வியாபாரம் அது. கேட்ட விலையைக் கொடுத்ததில் சேதுபதியே பயந்துபோய், போலீஸ் விவகாரமா பாய் என்று விசாரித்தார்.

ஆனி ஒரு மெல்லிய தூரிகையைத் திரவத்தில் நனைத்து, கம்பி இருக்கிற பக்கம் போகாமல், சொட்டுச் சொட்டாகக் கழுவினாள். சந்தனம் கரைந்து மஞ்சளாக வழிந்தது. வடிவேலு பக்கத்தில் நின்று, ஒரு குழந்தைக்கு ஊசி போடுவதைப் பார்க்கிற தகப்பன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். காயவிட்டு மூடியைப் போட்டாள். அலெக்சாண்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை.

தீ மூட்டினார்கள். உருளை சுற்றியது. ஆனி அறைக்குள் போய்த் திரையைப் போட்டாள். தகரங்கள் துள்ளின. அடங்கின. நாங்கள் அறை வாசலில் கூடி எட்டிப் பார்த்தோம்.

முதல் முகடு எழுந்தது. பின்னாலேயே இரண்டாவது.

மச்சான் பொட்டலத்திலிருந்து ஒரு பிடி பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

அலெக்சாண்டர் சுலபத்தில் நம்புகிற ஆள் இல்லை. எண் காட்டுவது பெரிய விஷயமில்லை, எண் காட்டுகிற பொம்மைகளை நிறையப் பார்த்திருக்கிறேன் என்றார். ஆனியைத் திரைக்கு முன்னால் உட்காரச் சொல்லி அறைக் கதவைச் சாத்தினார். என்னையும் அவளோடு உள்ளே அடைத்தார். நான் வெளியே இருந்தால் கண்ணால் ஜாடை காட்டிவிடுவேன் என்ற அவர் கணிப்பில் தவறில்லை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. உருளையின் சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்டது.

எண் நூற்று முப்பத்தாறில் நின்றிருந்தது. முப்பத்தைந்து ஆனது. முப்பத்துமூன்று. ஆனி நாற்காலியில் முன்னால் சாய்ந்தாள். முப்பத்தொன்று.

அவள் குரலை உயர்த்தி, கதவைப் பார்த்துக் கேட்டாள்.

"வடிவேலண்ணே, தீயைக் குறைச்சது யாரு?"

பிறகு கதவு திறந்தது. அலெக்சாண்டரின் கை விரலில் கேஸ் குழாய் வால்வின் கரி ஒட்டியிருந்தது. வடிவேலு அவருக்குப் பின்னால் நின்று இரண்டு புருவத்தையும் தூக்கிக் காட்டினார். முழுதாக முளைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

"நான்தான்," என்றார் அலெக்சாண்டர். கைக்குட்டையை எடுத்துக் கரியைத் துடைத்தார். பிறகு ஆனியைப் பார்த்து, காலையில் குறைத்த குட் மார்னிங்கைச் சொன்னார். மத்தியானம் இரண்டு மணிக்கு.

ஒப்பந்தத் தாளை மேசையில் விரித்து, வாசனைக்கு நாற்பது காசு என்ற வரியை அவரே அடித்தார். சூடு தெரிகிற இடத்தில் வாசனைக்கு அபராதம் எதற்கு என்றார். மச்சான் அதோடு விட்டிருக்கலாம். அவர் ஜமால் முகம்மது. நான் வளர்ந்த அதே தெரு. அந்த நாற்பது காசை விலையில் கூட்டிப் போடலாமே சார் என்று ஆரம்பித்தார். பத்து காசில் முடிந்தது.

ஜோகூர் பயணம் நின்றது. அன்று மாலைவரை அவர் அங்கேயே இருந்து ஆறு வறுவல் பார்த்தார். ஒவ்வொன்று முடிந்ததும், உருளையை நிறுத்திய கையோடு தன் கண்ணாடித் தெர்மாமீட்டரை மல்லிக்குள் செருகி எண்ணைச் சொல்வார். அறைக்குள்ளிருந்து ஆனி தன் எண்ணைச் சொல்வாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். உருளையை வாங்க வந்தவருக்கு மச்சான் நடுவிலே போன் போட்டு, கதவு அகலம் பத்தாது, நீங்க வேற உருளை பாருங்க என்று சொல்லிவிட்டு வந்தார். மில் முழுக்க வறுத்த மல்லி மணந்தது. கீழ் மாடியிலிருந்து இரண்டு பேர் என்ன சமையல் என்று கேட்டு ஏறி வந்தார்கள்.

எண்களை வரிசையாகப் பார்த்தால் மச்சானுக்குக் கூட்டாமல் இருக்க முடியாது. சூட்டை யாராவது கூட்டுவார்களா அங்கிள் என்று ஆனி கேட்டும் அவர் பேனாவை வைக்கவில்லை. அலெக்சாண்டரும் குனிந்து சரிபார்த்தார்.

தெர்மாமீட்டர்: நூற்று முப்பத்து நான்கு, முப்பத்தாறு, முப்பத்தைந்து, முப்பத்தேழு, முப்பத்தைந்து, முப்பத்தைந்து. ஆக மொத்தம் எண்ணூற்றுப் பன்னிரண்டு.

கல்: எண்ணூற்றுப் பதினொன்று.

பாக்கி, ஒரு டிகிரி. மச்சான் அதைத் தன் பேரில் கடனாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.